மைனஸ் நாற்பத்தொன்றில் உன் பேன்ட்

எர்ச்சிமென்,
சுரங்க விடுதியில் துணி துவைப்பவள் நின்றுவிட்டாள்,
இன்னும் நாற்பது நாள் இருக்கிறது,
எப்படித் துவைப்பது என்று கேட்டிருக்கிறாய்.
வேறெதுவும் கேட்கவில்லை.
சரி.

முதலில் பையைப் பார்.
நீ கழற்றிப் போட்டுவிட்டுப் போன பேன்ட்டில்
பத்தாம் நம்பர் நட்டு ஒன்று இருந்தது.
இப்போது அது மெஷினின் வயிற்றில்.
மெஷின் மூச்சு விடுவதில்லை.
குளியல்தொட்டியின் ஓரம்
நான் மண்டியிட்டிருக்கிறேன்.

டீசல் பட்டதை மற்றதோடு சேர்க்காதே.
முதலில் வெளியே தொங்கவிடு,
வாடை பாதியாகட்டும்.
பிறகு பாத்திரம் கழுவும் திரவம், கறையின் மேல் நேராக,
பழைய பல்துலக்கி,
அரை மணிப் பொறுமை.
கொதிக்கக் கொதிக்க ஊற்றி அவசரப்படுத்தினால்
கறை துணியோடு குடும்பம் நடத்தத் தொடங்கிவிடும்.

கம்பளிக்கு கை பொறுக்கும் சூடு போதும்.
போன மார்ச்சில் நீ வேகவைத்த நீலச் சட்டையை
நாலாம் வகுப்புப் பிள்ளை போட்டுக்கொண்டு திரிகிறாள்.
முறுக்காதே.
துண்டில் பரப்பி, பாய்போல் சுருட்டி,
அதன்மேல் ஏறி நில்.

பவுடர் கூடினால் சுத்தம் கூடாது.
எத்தனை முறை அலசுவது என்கிறாய்.
நீர் தெளியும் வரை.
நுரை இருக்கும்போதே போதுமென்று எழுந்துபோவது
உன் வழக்கம்.
தம்பிக்குப் பனிவண்டி வாங்க
நம் கணக்கிலிருந்து எடுத்தாயே,
என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்,
அதையும் பாதி அலசலில் விட்டுவிட்டுத்தான்
விறைத்த கழுத்தோடு பஸ் ஏறினாய்.

இனி உலர்த்துவது.
ரேடியேட்டரில் ஈரத்தை அடுக்காதே.
எட்டுப் பேர் மூச்சுவிடும் அறை அது,
ஜன்னல் அழும்,
மூலையில் பூஞ்சை பூக்கும்.
வெளியே போடு.
ஆமாம், வெளியேதான்.

யாகுத்ஸ்க்கில் முந்தாநாள் மைனஸ் நாற்பத்தொன்று.
எதிர்க்கட்டிட விளக்குகூட மூடுபனியில் கரைந்திருந்தது.
பிளாஸ்டிக் கிளிப் கையிலேயே நொறுங்கும், மரம்தான் தாங்கும்.
ஈர விரலால் கம்பியைத் தொடாதே,
தோலைக் கூலி கேட்கும்.
கடைசி அலசலில் உப்புப் போட்டால்
கொடியில் ஒட்டாது என்றாள் கீழ்வீட்டு அய்த்தலினா.
போட்டேன்.
உப்பும் சேர்ந்து விறைத்தது.

துணி சற்று நேரத்தில் பலகையாகும்.
பயப்படாதே, இரண்டு நாள் விடு.
பனிக்கட்டி நீராகாமலே
நேரே காற்றில் ஏறிப் போய்விடும்,
யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல்.
உன்னைப்போல் என்று எழுதி
அடித்துவிட்டேன்.

எடுக்கும்போது மடிக்காதே.
விறைத்ததை மடித்தால் நூல் முறியும்.
கதவைத்தான் அகலமாகத் திறக்க வேண்டும்.

இன்று உன் பேன்ட்டைக் கொண்டுவந்தேன்,
அக்குளில் இடுக்கி, மூன்று மாடி,
ஓர் ஆளைத் தாங்கி ஏற்றுவதுபோல்.
அய்த்தலினா எட்டிப் பார்த்து
"குடித்திருக்கிறானா?" என்றாள்.
நடையில் சுவரோரம் நிறுத்தினேன்.
நின்றது,
தலையில்லாமல், வாயில்லாமல்,
அன்று நீ நின்ற அதே விறைப்பில்.

தேநீர் வைக்கப் போனேன்.
திரும்பி வந்தபோது
ஒரு முழங்கால் மடங்கியிருந்தது.
நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
மற்றதும்.
பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை என்று
சொல்ல மாட்டேன்.

தொட்டுப் பார்த்தேன்.
இடுப்புப் பட்டியிலும் பையின் அடியிலும் இன்னும் ஈரம்.
கடைசிவரை அங்கேதான் ஒளிந்திருக்கும்,
நினைவில் வை.
உள்புறம் வெளியே வரத் திருப்பி,
பைகளை நாக்குப்போல் இழுத்துவிட்டு,
வீட்டுச் சூட்டில் இன்னும் ஓர் இரவு.

மெஷின்காரன் செவ்வாய் வருகிறான்.
நட்டைத் தூக்கி எறியாதே என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.
பத்தாம் நம்பர்.
எதிலிருந்தோ கழன்றதுதானே,
தேடிக்கொண்டிருப்பாய்.